கடற்கரைக் கரவனுக்கு மெழுகு: முதல் தரம் பிழையாய்ப் போனது, இரண்டாம் தரம் பிடித்தது

பெப்ரவரிக் கடைசியில் பூசிய மெழுகு மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மார்ச் நடுவில் கரவனின் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) கடல்பக்கச் சுவர் தேமல் விழுந்த தோல் மாதிரி இருந்தது. ஓரிடம் மினுங்கும், அடுத்த சாண் வெள்ளையாக மங்கிக் கிடக்கும். கறுப்புத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் துணியில் மா போல வெள்ளைத் தூள். மெழுகில் குற்றம் இல்லை, அதைப் பூசிய இடத்தில்தான் குற்றம். மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் உரித்தெடுத்து மறுபடி செய்த வேலை, ஜூனில் ஒரு கை (ஒரு பூச்சு) மேலதிக மெழுகோடு, செப்டம்பர் வரை நிற்கிறது.

வண்டி திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து சுமார் 150 மீற்றர் தள்ளி, வடக்குத் தெற்காக நிற்கிறது. பழைய இறக்குமதி. உடல் 16 அடி நீளம், ஆறரை அடி அகலம், சுவர் ஆறரை அடி உயரம். சுவரும் கூரையும் ஃபைபர், மேலே வெள்ளை ஜெல்கோட். மூலைகளில் அலுமினியப் பட்டி, யன்னல்கள் அக்ரிலிக். நான்கு சுவரும் சேர்ந்து 292 சதுர அடி வரும். யன்னல், கதவு, காற்றுத் துவாரம் எல்லாம் கழித்தால் வேலை செய்ய வேண்டிய பரப்பு 250 சதுர அடி. கூரை தனியாக 104. சாமான் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சுவரில் கொம்பவுண்ட் (தேய்த்து மங்கலை எடுக்கும் களிம்பு) முடிந்து நிற்க வேண்டி வரும்.

ஜெல்கோட்டைக் கார் பெயின்ட் என்று நினைத்ததுதான் பாதிப் பிழைக்குக் காரணம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் ஃபைபர் போட்டுகளின் மேல்தோலும் இதுவும் ஒரே சாதி: நிறம் கலந்த பொலியெஸ்டர் பிசின், ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பு. வெயில் மேலே உள்ள பிசினைத் தின்றுவிட, நிறத்தூள் மட்டும் பிடிப்பில்லாமல் மிச்சமாகும். அந்தத் தூளின் மேல் மெழுகு பூசினால் மெழுகு தூளைத்தான் பிடிக்கிறது, சுவரைப் பிடிப்பதில்லை. முதலாவது நல்ல மழையோடு இரண்டும் சேர்ந்து கழரும். ஆகவே கார்க் கடையில் விற்கும் மென்மையான பொலிஷ் இதற்குப் போதாது. போட்டுச் சாமான் விற்கிற கடையில் ஜெல்கோட்டுக்கு என்றே உள்ள கொம்பவுண்ட் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் தரம் நடந்தது இவ்வளவுதான்: கிணற்றுத் தண்ணீரில் கழுவல், வெயிலில் காயவிடல், கார் மெழுகு இரண்டு கை. ஒரே நாளில் முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கழுவுவதற்கு முன்

மூன்று சோதனை, பத்து நிமிடம். ஒன்று, ஏற்கெனவே சொன்ன கறுப்புத் துணி. இரண்டு, மாஸ்கிங் டேப்பை ஒட்டி அழுத்தி வெடுக்கென்று இழுப்பது. ஒட்டும் பக்கம் வெள்ளையாக வந்தால் தூள் இருக்கிறது. மூன்று, ஒரு கை தண்ணீர் தெளிப்பது. ஈரமாக இருக்கும்போது மினுங்கி, காய்ந்ததும் மங்கினால் பழுது மேலோடுதான், கொம்பவுண்டால் மீளும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தாலோ, அடியில் உள்ள நார் கோடு கோடாகத் தெரிந்தாலோ ஜெல்கோட் தேய்ந்து முடிந்துவிட்டது. அதற்கு மெழுகு மருந்தில்லை, பெயின்ட் அடிப்பதுதான் வழி. இந்த வண்டியில் முன்பக்க மேல் வளைவு மட்டும் சந்தேகமாக இருந்தது, மற்றதெல்லாம் மீளும் நிலை.

பிறகு கூரையில் இருந்து கீழ்வரை எல்லா மூட்டுகளையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பொருத்துப் பசை வெடித்த இடம், யன்னல் ரப்பர் சுருங்கிய மூலை, ஆணித்தலையில் துரு எல்லாவற்றையும் டேப் துண்டு ஒட்டி அடையாளம் வைக்கலாம். வெடிப்பு இருக்கும்போது கழுவினால் தண்ணீர் உள்ளே போய் ப்ளைவூட்டை ஊதவைக்கும். முதல் தரத்தில் பிரஷர் வோஷரை ஒரு அடி தூரத்தில் பிடித்ததில் பின் யன்னல் ரப்பரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனது. பக்கவாட்டில் இருந்த நீலப் பட்டை ஸ்டிக்கரும் ஒரு சாண் நீளத்துக்கு எழும்பிவிட்டது. உள்ளே மெத்தை நனைந்து இரண்டு நாள் காய வேண்டியிருந்தது.

பிரஷர் வோஷர் வேண்டவே வேண்டாம் என்றில்லை. அகல விசிறி முனை, அழுத்தம் 1,200 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், மூன்று அடி தள்ளி, மேலிருந்து கீழ்நோக்கி அடிக்கலாம். யன்னல், குளிர்சாதனப் பெட்டியின் காற்றுத் துவாரம், ஸ்டிக்கர் இருக்கும் இடங்களில் அதை நிறுத்திவிட்டு ஹோஸ் பைப்புக்கு மாற வேண்டும். இரண்டாம் தரம் அதை வண்டியின் அடிச்சட்டத்துக்கும் சில்லுப் பக்கத்துக்கும் மட்டும் பாவித்தது. உப்பு அதிகம் தங்குவது அங்கேதான்.

தண்ணீர்

உப்புவெளிக் கிணறுகளில் பலதும் உவர். சவர்க்காரம் நுரைக்காது. சுவரில் காய்ந்தால் வெள்ளை வளையம் வளையமாகத் தழும்பு விழும், அதன் மேல் மெழுகு பூசினால் வளையம் உள்ளே சிறைப்பட்டுவிடும். முதல் அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். சவர்க்காரம் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்தான். முழு வண்டிக்கும் கடைசி அலசலுக்கு 60 லீற்றர் போனது. குழாய் இல்லாத வளவென்றால் மூன்று பெரிய கலன் நிரப்பிக்கொண்டு வருவது நல்லது.

கிணற்றுத் தண்ணீரின் பழைய வளையங்களுக்கு வினாகிரி. ஒரு பங்கு வினாகிரி, நான்கு பங்கு தண்ணீர், துணியில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் போர்த்திவிட்டுத் துடைத்தால் கரைந்துபோகும். அலுமினியப் பட்டியில் பட்டால் உடனே அலச வேண்டும்.

கழுவிய ஒழுங்கு இது. கூரை முதல். கூரையில் ஏறி நடப்பதில்லை. ஒரு அடி அகல ப்ளைவூட் பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் முழங்கால், அல்லது பக்கத்தில் ஏறி நிற்கச் சாரம் கட்டி நீளத்தடித் தும்பு. தும்பு என்றால் மெல்லிய நைலோன் தும்பு, தேங்காய்த் தும்பு கீறும். வேப்பமரத்தடியில் நின்ற வண்டி என்பதால் பழச்சாறு, இலைக்கறை, காகத்தின் எச்சம் எல்லாம் கூரையில் அப்பிக் கிடந்தன. எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டினால் மணலும் சேர்ந்து இழுபடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்தால் தானே கழரும்.

சுவர்களுக்கு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு தரமும் கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் பிழிந்துவிட்டுத்தான் ஷாம்பூ வாளியில் விடுவது. கடற்கரை வளவில் இதை விட்டுவிட்டால் மணலாலேயே சுவரைத் தேய்க்கிறோம். சவர்க்காரத்தைக் கீழிருந்து மேலே பூசி, மேலிருந்து கீழே அலசினால் அழுக்குத் தாரை காய்ந்து கோடு விழாது. பாத்திரம் கழுவும் திரவம் பழைய மெழுகை எடுக்கும், ஆகவே உரிக்கும் நாளில் மட்டும் அது: 10 லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி. மெழுகு பூசிய பிறகு அதைத் தொடக் கூடாது, கார் ஷாம்பூ மட்டும்.

வேப்பமரப் பக்கத்துச் சுவரில் பச்சைப் பாசி இருந்தது. வினாகிரிக் கலவையே அதை எடுத்தது. பாசிக்குக் குளோரின் வெளுக்கித் திரவம் பாவிக்கிறவர்கள் அதையும் வினாகிரியையும் ஒன்றாகவோ, நடுவில் அலசாமலோ பாவிக்கக் கூடாது. எழும்பும் வாயு நெஞ்சை அடைக்கும்.

துருவும் மூட்டும்

அலுமினியப் பட்டியைப் பிடித்திருந்த ஆணிகளில் 24 சாதாரண இரும்பு. ஒவ்வொன்றின் கீழும் செம்மண் நிறத்தில் கண்ணீர்க் கோடு. கொம்பவுண்டால் தேய்த்தால் கோடு மங்கும், ஆனால் போகாது. ஒக்சாலிக் அமிலத் தூள் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு, தூரிகையால் தடவி ஐந்து நிமிடம் விட்டு அலசினால் கோடு கண்முன்னே கரைகிறது. காயவிடக் கூடாது. பழைய கறைக்கு இரண்டாம் தரம் தேவைப்பட்டது. ஆணியை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். 316 தரத் துருப்பிடிக்காத ஆணிகளைப் போட்டுச் சாமான் கடையில் வாங்கி, ஓட்டைக்குள் கொஞ்சம் பசை விட்டு முறுக்கியது. பசை விடுவது தண்ணீருக்காக மட்டும் அல்ல. அந்த ஆணியும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டு உப்பில் நனைந்தால் அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாகத் தின்னப்படும்.

வெடித்த மூட்டுகளில் யாரோ முன்பு சிலிகன் அடித்திருந்தார்கள். சிலிகனின் மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிகன்கூட ஒழுங்காக ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதாக எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பொலியூரிதேன் பசை இரண்டு குழாய் போனது. அது மேலிருந்து உள்நோக்கி நாளுக்கு மூன்று நான்கு மில்லிமீற்றர்தான் இறுகும். தடித்த இடங்களுக்கு இரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும். மெழுகு பூசிய பிறகு மூட்டு அடைக்க நினைத்தால் பசை பிடிக்காது. ஆகவே இந்த வேலை மெழுகுக்கு முன்னால் முடிய வேண்டும்.

கொம்பவுண்ட்

வேலையின் நெஞ்சு இங்கேதான், நேரத்தில் முக்கால் பங்கும் இதற்குத்தான்.

முதலில் மறைவான இடத்தில் ஒரு சதுர அடியில் சோதனை. மென்மையான பொலிஷில் தொடங்கினால் மங்கல் போகவில்லை. கொம்பவுண்டும் கம்பளிப் பெட்டும் (மெஷினில் மாட்டும் வட்ட மெத்தை) போதுமாக இருந்தது. முன்பக்க மேல் வளைவுக்கு மட்டும் வோட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உரைதாள்) எடுக்க வேண்டி வந்தது: இலக்கம் 1,000, பிறகு 1,500, பிறகு 2,000. பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிவிட்டு, கோடு மறையும் மட்டும் தேய்த்து, மறைந்ததும் நிறுத்துவது. பேப்பரை ரப்பர்க் கட்டையில் சுற்றி, ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்ட தண்ணீரில் அடிக்கடி முக்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட தடம் பள்ளமாக நிற்கும். வடியும் தண்ணீர் பால்போல வெள்ளையாக இருக்கும் வரை ஜெல்கோட்டில் இருக்கிறோம். நார்ப் பின்னல் கண்ணுக்குத் தட்டினால் அந்தக் கணமே கையை எடுக்க வேண்டும்.

மெஷின் வாடகைக்கு: 7 அங்குல ரோட்டரி பொலிஷர், வேகம் நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை மாற்றலாம். அதற்கு முன்னால் நாலரை அங்குல கிரைண்டரில் கம்பளி மாட்டிப் பார்த்த புத்திசாலித்தனமும் நடந்தது. கிரைண்டர் சுற்றுவது நிமிடத்துக்கு 11,000. நான்கே விநாடியில் சுவர் மஞ்சளாகக் கருகியது. இடம் இழுவைக்கொக்கிப் பக்கத்துக் கீழ்மூலை என்பதால் வெளியே தெரியவில்லை. அந்த வேகத்துக்குப் பெட்டே செய்யப்படவில்லை, பிய்ந்து முகத்தில் அடிக்கலாம். வேகம் குறைக்க முடியாத மெஷினைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி, அது ஒரு கட்டம். கச்சான் பருப்பு அளவில் ஐந்து பொட்டுக் கொம்பவுண்ட். மெஷினைத் தொடங்கும் முன்பே பெட்டால் பரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிரே நிற்பவரின் சட்டைக்குத்தான் பொலிஷ். 700 வேகத்தில் ஒரு தரம், பிறகு 1,200 முதல் 1,400. ஒரு அடியைக் கடக்க மூன்று நான்கு விநாடி எடுக்கும் அளவுக்கு மெதுவாக, முந்திய தடத்தில் பாதியைத் தொட்டுக்கொண்டு, இடம்வலமாக இரண்டும் மேல்கீழாக இரண்டும். மெஷினின் பாரமே போதுமான அழுத்தம். புறங்கையை வைத்தால் சூடு பொறுக்கவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். கொம்பவுண்ட் காய்ந்து தூளாகத் தொடங்கினால் தெளிகுப்பியால் ஒரு பீய்ச்சுத் தண்ணீர்.

மூன்று கட்டம் முடிய ஒரு தரம் பெட்டைச் சுத்தமாக்க வேண்டும். மெஷின் சுற்றும்போது மொட்டையான திருப்புளியின் நுனியை மெல்லக் கொடுத்தால் அடைந்த கொம்பவுண்ட் பறந்துவிடும், இதை வண்டிக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்று செய்வது நல்லது. அடைந்த பெட் வெட்டாது, சூடாக்கும். இரண்டு பெட் போதாது என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. கழுவியது காயும்வரை மெஷின் சும்மா கிடந்தது, வாடகை ஓடியது.

விளிம்புகளில்தான் ஜெல்கோட் மெல்லியது, மெஷின் முதலில் தின்பதும் அதைத்தான். மூலை, வளைவு, ஆணித்தலை, யன்னல் ஓரம் எல்லாவற்றுக்கும் ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் டேப்பை எடுத்துக் கையால் தேய்த்தது. கறுப்பு ரப்பருக்கும் டேப் கட்டாயம். கொம்பவுண்ட் ரப்பரில் காய்ந்தால் வெள்ளைக் கோடாக நிற்கும், பழைய பல்தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு மணிக்கணக்கில் இருக்க வேண்டி வரும்.

250 சதுர அடி என்றால் 63 கட்டம். ஒன்றுக்கு ஏழு நிமிடம் வீதம் ஏழே கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல் மெஷின் மட்டும். மின்சாரத் தொடுப்பு ட்ரிப் சுவிட்ச் உள்ள பிளக்கில் இருந்து, வயர் எப்போதும் தோளுக்கு மேலால், ஈரத்தரையில் வயர் மூட்டு படாமல்.

எந்த நேரம் எந்தச் சுவர் என்பதும் முக்கியம். காலை ஐந்தே முக்காலில் இருந்து ஒன்பது வரை மேற்குச் சுவர், அது அப்போது நிழல். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு கிழக்கு, அதாவது கடல்பக்கம். ஆனால் பின்னேரக் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அந்தச் சுவரில்தான் பூசும். விரலுக்குப் பிசுபிசு என்று தெரியும். கொம்பவுண்ட் வேலைக்கு அதைச் சமாளிக்கலாம்: ஒவ்வொரு கட்டத்தையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டுத் தொடங்குவது. மெழுகுக்கு அது சரிவராது. அதற்குக் கண்ட வழி, சுவரிலிருந்து மூன்றடி தள்ளித் தறப்பாள் கட்டிக் காலை வெயிலை மறைத்து, கடற்காற்று எழும்பும் முன், பத்து மணிக்குள் முடித்துவிடுவது.

கடைசிப் படி பலரும் விடுவது. கொம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி, இல்லாத மினுக்கத்தைக் காட்டும். ஐசோப்ரோபைல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து துடைத்தால் உண்மை முகம் தெரியும். அப்படித் துடைத்ததில் ஒன்பது கட்டம் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அக்ரிலிக் யன்னலில் இந்த ஸ்பிரிட் படக் கூடாது. தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் தெளிப்பு எதுவும் கூடாது. முதல் தரத்தில் கண்ணாடித் தெளிப்பு அடித்த யன்னலில் சிலந்தி வலைபோல மயிர்வெடிப்பு, அது இனி மாறாது. அக்ரிலிக்குக்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும்.

மெழுகு

இத்தனைக்கும் பிறகு மெழுகு அரை நாள் வேலை. கார்னோபா (ஒரு பனைவகையின் மெழுகு) கலந்த போட்டு மெழுகு, 300 கிராம் தகரம். சுற்றிவர மணல் பறக்காமல் இருக்கத் தரையை முதலில் நனைத்து, பழைய பாய் விரித்தது. துணி மணலில் விழுந்தால் அதை எடுத்து உதறிப் பாவிக்கக் கூடாது, அன்றைக்கு அந்தத் துணி முடிந்தது.

இரண்டடிக்கு மூன்றடி இடத்துக்கு அரைத் தேக்கரண்டி மெழுகுக்கு மேல் வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மெல்லியதாக. தடிப்பாகப் பூசினால் கூடுதலாகத் தாங்கும் என்பது வீண் நம்பிக்கை, துடைக்கும்போது எல்லாம் துணிக்குத்தான் போகும். தகரத்தில் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தாலும் இங்குள்ள சூட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பதம் வந்துவிடும். விரலால் ஒரு கோடு இழுத்தால் பூசல் விடாமல் சுத்தமாக வர வேண்டும், அதுதான் பதம். ஒரு துணியால் எடுத்து, வேறு துணியால் மினுக்குவது. கூடுதலாகக் காய்ந்து கல்லாகிவிட்ட இடத்தில் அழுத்தித் தேய்ப்பதால் பயனில்லை. அதன் மேலேயே கொஞ்சம் புது மெழுகு தடவினால் பழையது இளகும், உடனே துடைத்துவிடலாம்.

இரண்டாவது கை அடுத்த நாள் காலை. இரவில் படிந்த உப்பை முதலில் குழாய்த் தண்ணீரால் அலசி, நன்றாகத் துடைத்து, மூட்டுகளில் நிற்கும் தண்ணீர் வடியும்வரை அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். இரண்டு கைக்கும் சேர்த்துத் தகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போனது. ஸ்டிக்கர் பட்டைக்கு மெழுகு இல்லை. கூரையிலும் நடுவில் இல்லை, மெழுகு பூசிய ஃபைபர் கூரையில் ஈரக்காலோடு ஏறினால் நேரே கீழே. கூரை விளிம்பில் ஒரு அடிக்கு மட்டும் பூசியது. சுவரில் வழியும் கறுப்புத் தாரைக்கு அங்கிருந்துதான் அழுக்கு வருகிறது, அதைக் குறைக்க.

துணிகளைக் கழுவும்போது உடுப்பு மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது துணியில் படிந்து அடுத்த தரம் சுவரில் பட்டை விடும்.

செலவு

கொம்பவுண்ட் ஒரு லீற்றர் 6,500 ரூபா, முக்கால் பங்கு முடிந்தது. கம்பளிப் பெட் இரண்டு 3,800, ஸ்பொஞ்ச் பெட் 1,600. மெழுகு 5,500. துணி ஒரு டசின் 3,000, டேப் நான்கு சுருள் 1,400, ஷாம்பூ 1,400, வினாகிரி இரண்டு போத்தல் 500. வோட்டர் பேப்பர் பத்து 1,200. ஸ்பிரிட் 1,800, ஒக்சாலிக் தூள் 400. ஆணி 24க்கு 1,200, பசை இரண்டு குழாய் 4,400. பொலிஷர் வாடகை மூன்று நாள் 4,500. எல்லாம் 37,200. உதவிக்கு நின்றவருக்கு மூன்று நாள் கூலி 9,000 சேர்த்தால் 46,200 ரூபா. முதல் தரத்தில் வீணாகிய கார் மெழுகை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வயிறெரியும்.

இதுவரை நின்ற கணக்கு

தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, தட்டையாகப் பரவினால் போய்விட்டது. முன் மேல் வளைவில் ஆறு வாரத்திலேயே பரவத் தொடங்கியது. மேற்குச் சுவர் எட்டு வாரம். கடல்பக்கம் பதினொரு வாரம் தாங்கியது, எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. காரணம் பராமரிப்பில் இருக்க வேண்டும். உப்புக்குப் பயந்து கடல்பக்கத்தைக் கிழமைக்கு ஒரு தரம் வெறும் தண்ணீரால் ஐந்து நிமிடம் அலசினோம், மேற்குப் பக்கத்தை அப்படிக் கவனிக்கவில்லை. ஆனால் பின்னேர வெயில் முழுக்க விழுவதும், கச்சான் காற்று (தின்கிற கச்சான் இல்லை, மே தொடங்கித் தரைப்பக்கமிருந்து கொதித்து வீசுகிற காற்று) புழுதியைக் கொண்டுவந்து அறைவதும் மேற்கில்தான்.

ஜூன் நடுவில் எல்லாச் சுவருக்கும் ஒரு கை மெழுகு. கொம்பவுண்ட் தேவைப்படவில்லை, கறுப்புத் துணி கறுப்பாகவே வந்தது. கச்சான் நாட்களில் பத்து மணிக்குப் பிறகு வெளியில் மெழுகு வேலை நடக்காது. ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு ஒரு சுவர், மறுநாள் அடுத்த சுவர் என்று நான்கு நாள் எடுத்தது.

அடுத்த தரம் மாற்றப் போகிறவை: கம்பளிப் பெட் நான்கு. பொலிஷர் நான்கு நாளுக்கு, மூன்றாம் நாள் அந்தியில் அவசரப்பட்டுச் செய்த கதவுப் பக்கத்தில் வட்டத் தடங்கள் இன்னும் தெரிகின்றன. வெள்ளை என்பதால் தப்பியது, கடும் நிறமென்றால் மானம் போயிருக்கும். ஏணிக்குப் பதில் இரண்டு முக்காலியும் ஒரு பலகையும், ஏணியைச் சுவரில் சாய்த்ததில் துணி சுற்றியும் ஒரு தடம் விழுந்தது. மேற்குச் சுவரில் மெழுகுக்குப் பதிலாகப் பொலிமர் பூச்சு, கிழக்கில் பழைய மெழுகே, எது எத்தனை வாரம் என்று பார்க்க. முன் வளைவுக்கு இனி வோட்டர் பேப்பர் வைக்க இடமில்லை, மூன்று முறை தேய்த்த பரப்பு அது. பருவம் முடிந்து வண்டி பூட்டிக் கிடக்கும் மாதங்களில் அதற்கு மட்டும் துணித் தறப்பாளில் ஒரு மூடி தைக்கக் கொடுத்திருக்கிறது. பிளாஸ்டிக் தறப்பாள் காற்றில் அடித்து அடித்தே பொலிஷைத் தின்றுவிடும். வாடை மழை ஒக்டோபரில் தொடங்கும் முன் இன்னொரு கை மெழுகும் ஏற வேண்டும், தகரத்தில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.